கீமேன் சாமான்

கேங் சாமான் எல்லாம் ரூமில் இருக்கும். கீமேன் சாமான் மட்டும் வீட்டுக்குப் போகும்.

ரூம் என்பது இரும்புலியூர் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே, லைன் ஓரத்தில், கழித்துப்போட்ட மர ஸ்லீப்பர்களை நிறுத்திவைத்துத் தகரம் போட்ட கொட்டகை. சாயங்காலம் வேலை முடிந்ததும் லைனைச் செப்பனிடும் கேங் ஆட்கள் அங்கே வந்து நிற்பார்கள். முதலில் கடப்பாரைகள் உள்ளே போகும், சுவரோரம் படுக்கையாக. அதன்மேல் ஜல்லி இடிக்கும் பீட்டர்கள். பிறகு முள்வாரி, ஜல்லி அள்ளும் பாண்டு, ஸ்பேனர். கோடையில் சுத்தியல்களைத் தலைகீழாகத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவார்கள். மரப்பிடி ஊறிப் பருத்தால் தலை கழலாது. மேஸ்திரி துலுக்காணம் கதவைச் சாத்திப் பூட்டை இழுத்துப் பார்ப்பான். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பான். ஒரு கடப்பாரை வெளியே கிடந்தால் எவனாவது எடுத்துத் தண்டவாளத்தில் வைத்துவிடுவான் என்று அவனுக்குப் பயம்.

கீமேன் விடிவதற்கு முன்னே கிளம்புகிறவன். அந்த நேரத்தில் மேஸ்திரியை எழுப்பி ரூமைத் திறக்க முடியாது. அதனால் நீளப் பிடி போட்ட சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக்கொடி, பச்சைக்கொடி, ஆபத்து வந்தால் தண்டவாளத்தில் கட்டும் வெடிகள் அடைத்த தகர டப்பா, தோளில் மாட்டும் பை நிறைய கீ, எல்லாம் கீமேன் சவுரிமுத்துவின் கட்டிலுக்கு அடியில் இருந்தன. கீ என்பது தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்பு. ரயில் ஓட ஓட அதிர்ந்து நழுவும். நழுவியதை அடித்து உள்ளே தள்ளிக்கொண்டே ஒரு லைனில் வண்டலூர் வரை போய், மறு லைனில் திரும்பி வர வேண்டும். தினமும்.

சாமான் வீட்டில் இருந்ததால்தான் அவன் மனைவி ஞானம்மாளால் போக முடிந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் முழங்கால் தண்ணீர். பெருங்களத்தூர் ஏரி நிரம்பி லைன் பக்கம் கசிந்தது. ஜல்லி புதைந்த இடத்தில் எல்லாம் கேங் ஆட்கள் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு இடித்தார்கள். சவுரிமுத்துவின் ரப்பர் செருப்பைத் துளைத்து ஒரு கல் கட்டைவிரலில் ஏறியது. அவன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடந்தான். கார்த்திகையில் விரல் கறுத்தது. தாம்பரத்தில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து சுகர் என்றார். ரயில்வே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்.

சவுரிமுத்து சேரவில்லை.

"போய்க் காட்டுய்யா," என்றாள் ஞானம்மாள்.

"காட்னா இன்னா சொல்வான் தெரியுமா? வெரல எடுன்னுவான். எடுத்துட்டு அன்ஃபிட்டுன்னு எழுதுவான். எங்கனா கண்காணாத ஊர்ல குந்தவெச்சி கோணி மடின்னுவான். வூட்ட காலி பண்ணுன்னுவான்."

"போனா போவுது வூடு. பெரிய பங்களா. ஓட்டுல ஓட்டை, கதவுல ஓட்டை."

"பேபிய பொண்ணு பாக்க வந்தா எங்க குந்த வெப்பே? ரோட்லயா?"

பேபி உள்ளே தையல் மிஷினில் இருந்தாள். மிஷின் சத்தம் நின்றது.

"என்னைய ஏன் நடுவுல இஸ்க்கிற நைனா," என்றாள். மிஷின் மறுபடி ஓடியது.

மறுநாள் அவன் எழுந்து காலை ஊன்றினான். கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டான். வெளியே இருட்டு. ஞானம்மாள் அடுப்பை விட்டு வந்து பார்த்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சாமானை இழுத்தாள். கொடியில் தொங்கிய காக்கிச் சட்டையைப் புடவைமேல் போட்டாள். புடவையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். தலையில் துண்டைச் சுற்றினாள்.

"இன்னாமே பண்றே?"

"இன்னைக்கு ஒரு நாளைக்கு. வெயில் ஏறறதுக்குள்ள வந்துர்றேன்."

"உனுக்கு இன்னா தெரியும்?"

"எங்கப்பன் யாரு? கலெக்டரா?"

அவள் அப்பாவும் கேங்மேன். மறைமலைநகர் பக்கம் லைன் ஓரக் குவார்ட்டர்ஸில் பிறந்தவள் அவள். இறுகிய கீயைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும், தளர்ந்தது தொப்பென்று கேட்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வெயில் ஏறும்போது திரும்பி வந்தாள். கை கொப்புளித்திருந்தது. தனக்கென்று மூடி வைத்துவிட்டுப் போன கஞ்சியை எடுத்து நின்றபடியே குடித்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு?"

"வண்டலூர்ல ஒருத்தன் என்னைய 'அண்ணே, பீடி இருக்குதா'ன்னு கேக்கறான்."

ஒரு நாள் என்றது ஒரு வாரமானது. விரல் ஆறுவதுபோல் இருந்தது. பிறகு மறுபடி சீழ் வைத்தது.

கேங்குக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. வேலைக்கு வந்த ஆட்கள் ஒரு காலையில் அவளை எதிரே பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போனாள். அவர்களில் ஏகநாதன் வாய் சும்மா இருக்காது.

"இன்னா சவுரியண்ணே, மீசைய எடுத்துட்டியா?"

அவள் நின்றாள். "உங்க மேஸ்திரிக்குக் குட்த்துட்டேன். அவருக்குத்தான் மொளைக்கல."

ஆட்கள் சிரித்தார்கள். துலுக்காணம் மேலுதட்டைத் தடவிக்கொண்டான். அவன் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ரூமைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"பொம்பளைய லைன்ல வுட்டேன்னு லைன் இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சா உன் வேல ஒண்டியா போவும்? என்னையும் சேத்து அனுப்பிடுவாரு. யார் குட்த்த ரோசனைடா இது?"

சவுரிமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"லீவு போடு. ஏகநாதன உன் எடத்துல ஆக்டிங் போடறேன்."

"லீவு கீதா எனக்கு? ஒடம்பு சரியில்லன்னு சிக்குல போவணும். சிக்குல போனா டாக்டரு. டாக்டருகிட்ட போனா காலு."

"அதுக்கு?"

ஞானம்மாள் டீ டம்ளரோடு வந்தாள். "மேஸ்திரி. இன்னைக்கு லைன பாத்துகினு வந்தியா?"

"வந்தேன்."

"ஒரு கீனா ஆடிச்சா?"

துலுக்காணம் டம்ளரை வாங்கினான். நின்றபடியே குடித்தான். குடித்துவிட்டு, "கிறிஸ்மஸ் வரிக்கும்தான்," என்றான். "அதுக்கு மேல என்னால முடியாது."

காலையில் அவள் போவாள். சாயங்காலம் சவுரிமுத்து கேட்பான். பெருங்களத்தூர் ஸ்டேஷன் தாண்டி வளைவு வருமே, அங்கே எப்படி இருக்கு. சின்ன பாலத்துமேல் இருக்கிற மரக்கட்டை பிளந்திருந்ததே, பார்த்தாயா. ஏரிப்பக்கம் ஜல்லி இறங்கியிருக்கா. அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, கருவாடு கழுவிக்கொண்டே சொல்வாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். அவள் கூடவே நடப்பதுபோல அவன் கால் சில சமயம் போர்வைக்குள் அசையும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. அவன் வேலையிலிருந்து வந்தால் சோறு கேட்பான், தின்பான், தூங்குவான். அவளும் கேட்டதில்லை. இப்போது பேபி மிஷினை நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"வளைவுல மேல்பக்கம் தாம்மே அதிகமா நழுவும். கீழ்ப்பக்கம் நின்னுக்கும்."

"பாத்தேன் பாத்தேன். மேல்பக்கம் இன்னைக்கு நல்லா சாத்திட்டேன்."

"இந்த லைன்ல வண்டி வந்தா அந்த லைன்ல போய் நிக்கக் கூடாது. ரெண்டையும் வுட்டு எறங்கிடணும்."

"நீதான் எங்கப்பனுக்குச் சொல்லிக் குட்த்தியா?"

"சொல்றத கேளுமே."

"கேட்டுகினுதான கீறேன்."

கிறிஸ்துமஸ் வந்தது. வாசலில் பேபி ஒட்டிய காகித ஸ்டார் தொங்கியது. ஞானம்மாள் பூசைக்குப் போய்விட்டு வந்து பன்றிக்கறி வைத்தாள். துலுக்காணத்துக்கும் ஏகநாதனுக்கும் கேக் போனது. விரலில் மேல்தோல் மூடியிருந்தது. புதுவருஷத்திலிருந்து நானே போகிறேன் என்றான் சவுரிமுத்து. அவள் விரலை அமுக்கிப் பார்த்தாள். அவன் பல்லைக் கடித்தான்.

"போவே," என்றாள். "பொங்கலுக்கு மேல போவே." துலுக்காணமும் பொங்கல் வரைக்கும் கெடுவைத் தள்ளிப்போட்டான்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு பெரிய பனி. கேட்டில் நின்றால் ரோடு தெரியவில்லை. லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பெருங்களத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு லைனில் கூட்ஸ் வண்டி போயிருக்கிறது. நீளமான கூட்ஸ். அதன் சத்தத்தில் பக்கத்து லைனில் வந்த பாஸஞ்சர் கேட்டிருக்காது. கரண்ட் இஞ்சின், அதற்கு மூச்சுச் சத்தம்கூடக் கிடையாது. அவள் குனிந்து ஒரு கீயை அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை.

வேலைக்குச் சைக்கிளில் வந்த ஏகநாதன்தான் முதலில் கண்டான். கேங்குக்கு ஓடினான். துலுக்காணம் வீட்டுக்கு வந்தான்.

வாசலில் நின்று, "சவுரி," என்றான். சவுரிமுத்து கட்டிலிலிருந்து எழுந்து காலை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தான். பேபி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"எங்க?" என்றான் சவுரிமுத்து.

"பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு முன்னாடி."

"உசுரு?"

துலுக்காணம் இல்லை என்று தலையை ஆட்டினான்.

பேபி வெளியே ஓடப் போனாள். துலுக்காணம் கதவை மறித்து நின்றான். "இரும்மா. கொஞ்சம் இரு. டிரைவர் தாம்பரத்துல சொல்லியிருப்பான். இன்ஸ்பெக்டர் டிராலி எடுத்துகினு வந்துடுவாரு. அதுக்குள்ள ஒண்ணு பேசணும்."

"இன்னா பேசணும்?" என்றான் சவுரிமுத்து.

"நீதான் லைன்ல இருந்தே. அவ உனுக்குக் கஞ்சி எடுத்தாந்தா."

சவுரிமுத்துவுக்குப் புரியவில்லை. பேபிக்குப் புரிந்தது.

"எங்கம்மா கஞ்சி எடுத்துகினு போவல. வேலைக்குப் போச்சு."

"தெரியும்மா."

"அப்ப அத்த சொல்லு."

"சொல்லலாம். சொன்னா உங்கப்பனுக்கு வேல இல்ல, வூடு இல்ல. எனக்கு இல்ல. பாத்துகினு சும்மா இருந்தான்னு ஏகநாதனுக்கும் இல்ல. சரி, அதுகூட வுடு." அவன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். "உங்கம்மா எதுக்கும்மா போனா? இத்தினி நாளு எதுக்குப் போனா?"

பேபி அப்பாவைப் பார்த்தாள். அவன் கொடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். சட்டை அங்கே இல்லை.

"கஞ்சித் தூக்க எடுத்துக்கோம்மா," என்றான் துலுக்காணம் மெதுவாக.

அடுப்படியில் கஞ்சி மூடியிருந்தது. ஞானம்மாள் திரும்பி வந்து குடிக்கத் தனக்கென்று வைத்துவிட்டுப் போனது. பேபி அதைத் தூக்கில் ஊற்றினாள். பாதி அடுப்பில் சிந்தியது.

ஏகநாதன் சவுரிமுத்துவைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து லைனோரப் பாதையில் தள்ளிக்கொண்டு போனான். பேபி பின்னால் ஓடினாள். பனி கொஞ்சம் விலகியிருந்தது. கேங் ஆட்கள் நாலைந்து பேர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். அவளைத் தண்டவாளத்திலிருந்து எடுத்து ஜல்லிச் சரிவில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் காயம் ஒன்றுமில்லை. பை தோளிலேயே இருந்தது.

"சட்டை," என்றான் துலுக்காணம். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

ஆட்கள் திரும்பி நின்றார்கள். ஏகநாதன் ஒரு வேட்டியை விரித்துப் பிடித்து, தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேபி உட்கார்ந்தாள். பொத்தான்களைக் கழற்றினாள். ஒரு கையை உருவ முடிந்தது. மறு கை வரவில்லை. "யம்மா, கைய குடும்மா," என்றாள் பேபி. குளிப்பாட்டிவிடும்போது சொல்வதுபோல் சொன்னாள். ஏகநாதன் வேட்டியைப் பிடித்தபடியே தேம்பினான்.

சட்டையைச் சவுரிமுத்து போட்டுக்கொண்டான். ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. உள்ளே இன்னும் சூடு இருந்தது. துலுக்காணம் பையை அவன் தோளில் மாட்டினான்.

"அவள மடில எடுத்து வெச்சிக்கோ சவுரி. சட்டைல இருக்கறதுக்குக் கேள்வி வரும்."

சவுரிமுத்து அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டிருந்தான். அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தான். அவன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

துலுக்காணம் பேபி பக்கத்தில் வைத்திருந்த தூக்கை எடுத்து ஜல்லியில் சாய்த்தான். கஞ்சி கற்களுக்கு இடையில் இறங்கியது. பருக்கைகள் மேலே நின்றன. பிறகு சுத்தியலைத் தேடினான். அது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் கிடந்தது. பக்கத்தில் ஒரு கீ பாதி ஏறி நின்றது.

அவன் சுத்தியலை எடுத்தான்.

"அத்த வுடு," என்றாள் பேபி.

"வண்டி வரும்மா."

"எங்கம்மா வெச்சது. அப்டியே வுடு."

"வுட முடியாதும்மா." அவன் ஓங்கி அடித்தான். கீ உள்ளே போனது. இன்னொரு தடவை தட்டிப் பார்த்தான். கணீரென்றது. சுத்தியலைக் கொண்டுபோய்ச் சவுரிமுத்துவின் பக்கத்தில் வைத்தான்.

டிராலி வரும் சத்தம் கேட்டது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வர, லைன் இன்ஸ்பெக்டர் சுந்தரராமன் குடையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஃப்ளர் கட்டியிருந்தார். இறங்கி வந்தவர் சவுரிமுத்துவைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீ இருக்கியா?" என்றார். "கீமேன் போயிட்டான்னுனா டிரைவர் சொன்னான். காக்கிச் சட்டைன்னான்."

"பனில இன்னா சார் தெரியும்," என்றான் துலுக்காணம். "ரெண்டு பேரும் பக்கத்துல நின்னாங்க. கஞ்சி எடுத்தாந்துச்சு, பாவம். கூட்ஸ் சத்தத்துல கேக்கல."

சுந்தரராமன் மடியில் இருந்தவளைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். சவுரிமுத்துவின் காலைப் பார்த்தார். கட்டியிருந்த துணியில் மஞ்சள் ஊறியிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"கால்ல என்ன?"

"கல்லு குத்திச்சி சார்."

"எப்போ?"

சவுரிமுத்து காலைப் பின்னால் இழுத்தான்.

"இந்தக் காலோடயா கேட்லேர்ந்து நடந்து வந்தே?"

"ஆமா சார்."

சுந்தரராமன் திரும்பினார். "நீ யாரும்மா?"

"பேபி. பொண்ணு."

"அம்மா எப்போ கிளம்பினா?"

துலுக்காணம் தரையைப் பார்த்தான். ஏகநாதன் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தான், மடித்ததையே மறுபடி மடித்தான்.

"சொல்லும்மா. கஞ்சி எடுத்துண்டு எப்போ கிளம்பினா?"

பேபி ஜல்லியில் நின்ற பருக்கைகளைப் பார்த்தாள். ஒரு காக்கை வந்து கொத்தியது.

"வெளிச்சம் வர்ற சொல்ல சார்."

"தினமும் எடுத்துண்டு வருவாளா?"

"ஆமா சார்," என்றாள் பேபி. "தினமும் வரும்."

சுந்தரராமன் மஃப்ளரைத் தளர்த்தினார். சவுரிமுத்துவிடம், "போன வாரம் டிராலில வரச்சே பார்த்தேன்," என்றார். "உன் பீட்ல ஒரு கீ லூஸ் இல்லை. இவ்வளவு மழைக்கப்புறமும். சொல்லணும்னு நினைச்சிண்டிருந்தேன்."

சவுரிமுத்து அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினான்.

அவருக்குத் தெரிந்ததா என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. பிறகும் தெரியவில்லை. "ஏதாவது துணி போட்டு மூடுங்கோ," என்று சொல்லிவிட்டு அவர் டிராலி பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார்.

போலீஸ் வந்தது, எழுதியது, போனது. சாயங்காலம் ஆட்கள் ரத்தம் பட்ட ஜல்லியை முள்வாரியால் புரட்டிப் போட்டார்கள்.

அடக்கத்தின்போது மாதா கோயில் சாமியார், கணவன் பசியோடு இருப்பானே என்று பனியில் நடந்தவள் இவள் என்று சொன்னார். பெண்கள் அழுதார்கள். கொடுத்து வைத்தவன் சவுரிமுத்து என்று யாரோ சொன்னார்கள். பேபி அழவில்லை. கல்லறையில் மண் போடும்போது அவள் அம்மாவின் கையைப் பார்க்க முடியவில்லையே என்று மட்டும் நினைத்தாள். உள்ளங்கையில் காப்பு காய்த்திருந்தது. கையைக் கூப்பிக் கட்டிவிட்டார்கள்.

சவுரிமுத்துவின் கால் அந்தக் கோடையைத் தாண்டவில்லை. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. அன்ஃபிட் என்று எழுதினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். காலி செய்த அன்று துலுக்காணம் வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து சாமானை எடுத்துக்கொண்டு போனான். சுத்தியலைத் தொட்டியில் தலைகீழாக நிறுத்தினான்.

பேபிக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை எட்மண்ட். திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் வெல்டர். பொழிச்சலூரில் வாடகை வீடு. மாமனாரையும் கூட வைத்துக்கொண்டான். நல்ல பிள்ளை, அதிகம் பேசமாட்டான். தலைக்குமேல் விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தவேண்டிய வீடு அது. அங்கே ரயில் சத்தம் கிடையாது.

சவுரிமுத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். ஊன்றுகட்டையை மடியில் வைத்திருப்பான். பக்கத்து வீட்டுக்காரர்கள், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், மாதா கோயில் ஆட்கள், யார் வந்தாலும் கேட்பார்கள், அவனும் சொல்வான். எப்படிப் பனி. கூட்ஸ் எப்படி நீளம். தூரத்தில் ஞானம்மாள் வருவது முதலில் தெரியவில்லை, தூக்கின் மூடி சத்தம்தான் கேட்டது. யோவ் என்று கூப்பிட்டாள். நான் பச்சைக் கொடியை ஆட்டினேன், விளையாட்டுக்கு. அவள் சிரித்தாள். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கூடும். ஒரு வருஷம் அவள் பூ வைத்திருந்தாள்.

பேபி உள்ளே இருந்து கேட்பாள். பாத்திரத்தை ஓங்கி வைப்பாள்.

மீட்டர் கேஜைப் பிடுங்கி அகலப் பாதை போடும் வேலை நடந்த சமயம். ஏகநாதன் ஒருநாள் பார்க்க வந்தான். அவனும் கிழடு தட்டியிருந்தான். பழைய தண்டவாளத்தை எல்லாம் கழற்றுகிறார்கள் என்றான். கீ எல்லாம் மூட்டை மூட்டையாகப் போகிறது என்றான். எட்மண்ட் டீ வாங்கி வந்தான். அப்போது சவுரிமுத்து எட்மண்டுக்கு மறுபடி அந்தக் கதையைச் சொன்னான். ஏகநாதன் முன்னாலேயே சொன்னான். ஏகநாதன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, "ஆமாண்ணே," "ஆமாண்ணே," என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் போனதும் பேபி வாசலுக்கு வந்தாள். எட்மண்ட் அவனை பஸ் ஏற்றப் போயிருந்தான்.

"நைனா. அம்மா கஞ்சி எடுத்துகினு வரல."

"தெரியும்."

"மறந்துட்டியோன்னு பாத்தேன்."

"அது மறக்குமா?"

"அப்பறம் எதுக்கு? இப்ப எவன் உன்னைய வேலைய வுட்டுத் தூக்கப்போறான்? மேஸ்திரியும் செத்துட்டாரு. என் வூட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. எங்கம்மா கீமேன் வேல பாத்துச்சு, வேல பாத்துகினே செத்துச்சுன்னு ஒரு வாட்டி சொல்லேன். ஒருத்தர்கிட்ட சொல்லேன். அதுக்குக் கஞ்சி தூக்கற வேலதான் தெரியுமா?"

ஒரு விமானம் இறங்கியது. அவர்கள் காத்திருந்தார்கள்.

"சொல்லலாம்," என்றான் சவுரிமுத்து. "நீ சொல்றது நாயம்தான். நானும் சொல்லிப் பாத்துக்கறேன், மனசுக்குள்ள. ஆனா பேபி, உள்ளபடி நடந்ததுல நான் இல்லவே இல்லம்மா. அவ ஒண்டியா கீறா. பனியா கீது. குனிஞ்சிகினு கீறா. சுத்தி ஒருத்தன் இல்ல. நான் கட்டில்ல பட்த்துகினு கீறேன்." கையால் முகத்தைத் துடைத்தான். "நாம சொன்னதுல நான் பக்கத்துல நிக்கிறேன். என்னைய பாத்தா. ஒரு வார்த்த பேசினா."

பேபி படியில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ தண்ணீர் குடத்தோடு போனார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது. அவள் எழுந்து போகவில்லை.

"அம்மா வந்து இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

சவுரிமுத்து அவளைப் பார்த்தான். அவள் நிஜமாகவே கேட்கிறாள் என்று தெரிந்ததும் யோசித்தான்.

"பனியா கீது, பாத்து நடய்யான்னா."

பேபி தலையை ஆட்டினாள்.

"அப்டிதான் சொல்லும்," என்றாள்.